தேயிலைப் பெட்டியில் ஒரு முன் கண்ணாடி

என் வீட்டுக்காரருக்கு எதையும் சட்டென்று செய்து முடிக்க வராது. ஓர் ஆணி அடிப்பதென்றாலும் சுவரை நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுத்தியலை எடுப்பார். சின்னக்கானல் எஸ்டேட்டில் தேயிலைப் பேக்டரி எஞ்சினுக்கு அவர்தான் பிட்டர். அந்த நிதானத்துக்குத் துரைமாரிடம் நல்ல பெயர். வீட்டில் அதோடு மல்லுக்கட்டியது நான்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை, தம்முடைய பழைய மோட்டார் சைக்கிளை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு பெட்டி உண்டு. ஓர் ஆள் கால் நீட்டி உட்காரலாம். பெட்டிக்கு முன்னால் காற்றை மறிக்க ஒரு தடுப்பு. முன் கண்ணாடி என்றுதான் சொல்வோம், ஆனால் அது கண்ணாடி இல்லை. சீப்பு செய்கிற செல்லுலாய்டைத் தாள் மாதிரி தட்டையாக்கிச் சட்டத்தில் முடுக்கியது. அந்த மழைக்காலத்தில் அது குறுக்கே வெடித்து, பாதி எங்கேயோ விழுந்தும் போயிற்று.

அதே மழையில்தான் எங்கள் மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கைப்பிள்ளை. நெஞ்சு உள்ளே போய்ப் போய் வரும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசர் இரண்டு மருந்து மாற்றிப் பார்த்துவிட்டு, பிள்ளையை இந்த மஞ்சு மூட்டத்துக்குள் வைத்திருக்காதீர்கள், உடனே மறையூருக்கு இறக்குங்கள் என்றார். மறையூரில் மழை குறைவு, மஞ்சு கிடையாது. என் அக்காவும் அங்கேதான் இருந்தாள், அத்தானுக்குக் கரும்பாலையில் வேலை. ஆனால் போகிற வழியில் குளிர்காற்று பிள்ளையின் முகத்தில் அடிக்கக் கூடாது, மூடிப் போர்த்தினாலும் மூச்சு முட்டிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிரெசர் ஒரு கொக்கியும் போட்டார்.

எஸ்டேட் லாரி திறந்த லாரி. மாட்டு வண்டியென்றால் வழியிலேயே இரவு தங்க வேண்டும். மிச்சமிருந்தது எங்கள் வண்டிதான், அதற்கு முன் கண்ணாடி இல்லை.

அவர் பேக்டரி ஸ்டோரில் சொல்லி, போடியிலிருந்து வந்த சாமான்களோடு ஒரு புதுத் தாள் வரவழைத்தார். அது வந்து சேருவதற்குள் நான் வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்து தேய்ந்துவிட்டேன். வந்த அன்றைக்காவது சட்டுப்புட்டென்று மாட்டுவார் என்று பார்த்தால், பழைய சட்டத்தைக் கழற்றவே அரை நாள். திருகாணியெல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் விட்டுவிட்டு, அது ஊறட்டும் என்று பக்கத்தில் குந்தியிருந்தார். உள்ளே பிள்ளை இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

புதுத் தாள் சுருளாக வந்திருந்தது. குளிரில் விறைத்துப்போய், விரிக்கப் போனால் முறுமுறுவென்று சத்தம் கேட்டது. கொஞ்சம் சூடு காட்டினால் இளகும் என்றார். எங்கள் மலையில் மழைக்காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். அடுப்புக்கு மேலே நாலு கயிற்றில் ஒரு மூங்கில் தட்டி தொங்கும். நனைந்த கம்பளி, கசிந்த உப்பு, நமுத்த தீப்பெட்டி, பூசணம் பிடித்த வேத புத்தகம், எதுவானாலும் அந்தத் தட்டியில்தான் ஏறும். கையில் இருந்ததை யோசிக்காமல் அவர் தட்டியில் வைத்தார். பிள்ளைக்குக் குளிருமே என்று நானும் யோசிக்காமல் இன்னும் இரண்டு சவுக்கு விறகைத் தள்ளினேன். வேறு ஊர்க்காரர்கள் ஒரு வெந்நீர்ச் சட்டியைத் தேடியிருப்பார்கள். எங்களுக்குக் கை தானாகத் தட்டிக்குத்தான் போயிற்று.

பக்கென்று ஒரு வெளிச்சம். தாள் எரிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, இருந்தது, இல்லை, அவ்வளவுதான். கற்பூர வாடையும் கரும்புகையும் வீட்டை நிறைத்தன. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் தட்டியை அறுத்து முற்றத்தில் போட்டு மிதித்துவிட்டு, மழையில் நின்றார். இன்னொரு தாளுக்குச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் வரும் என்றார். அடுத்த வாரம் வரைக்கும் இந்தப் பிள்ளை இருக்குமா என்று நான் கேட்டேன்.

சுவரோரம் பேக்டரியிலிருந்து வந்த காலித் தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. துணி வைக்கிற பெட்டி. துணியை வாரி வெளியே போட்டுவிட்டு, அதன் ஒரு பக்கத்துப் பலகையைக் காட்டி, இதை அறுத்து மாட்டுங்கள் என்றேன். லேசான பலகை, உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டியது. காற்று ஒரு பொட்டு நுழையாது.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏளா, இத வச்சா உள்ள இருக்க ஒனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"எனக்கு ரோடு எதுக்கு? ரோட்ட நீங்க பாருங்க. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

பழைய சட்டத்தை மேலே வைத்துக் கோடு கிழித்து அறுத்தார். அப்போதும் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், சிராய் பிள்ளை மேல் படுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் சாக்கு கட்டி, என் தலைக்கு மேலே கித்தான் துணியை இழுத்து முடிந்தார். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பலகையைத் தட்டு, நிறுத்துகிறேன் என்றார். விடிந்ததும் கிளம்பினோம்.

உள்ளே இருட்டு. தேயிலை வாசனையும் பிள்ளையின் மூச்சும்தான். மூணாறு வரைக்கும் எப்படியோ பொறுத்தேன். அதற்கப்புறம் வண்டி ஊர்ந்தது. இறக்கத்தில் ஓடாமல் எதற்கு ஊர வேண்டும் என்று பலகையைத் தட்டினேன். வண்டி நின்றது. கித்தானை விலக்கி, முகம் வெளுத்துப்போய் எட்டிப் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஏன் இப்படி மெதுவாகப் போகிறீர்கள் என்று சத்தம் போட்டேன். கித்தானை மூடிவிட்டுப் போனார். அதோடு விட்டேனா? மறுபடியும் ஊர்ந்தது, மறுபடியும் தட்டினேன். வழியெல்லாம் இதே கூத்துதான். ஓடி ஓடி வந்து பார்த்தாரே தவிர, ஒரு தடவைகூட என்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

மறையூர் வந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பலகையில் கை வைத்தேன், இளஞ்சூடாக இருந்தது. அப்புறம் சர்க்கரை காய்ச்சுகிற வாசனை சாக்கைத் தாண்டி உள்ளே வந்தது. நான் அழுதேன். அக்காள் வீட்டில் இறங்கிய அன்றே பிள்ளை வாய் வைத்துப் பால் குடித்தது.

மழைக்காலம் முழுவதும் அங்கேயே இருந்தேன். பனி விழத் தொடங்குவதற்கு முன் அவர் வந்து எங்களை அழைத்துப் போனார். அதற்குள் புதுத் தாள் ஒன்றை வெந்நீரில் போட்டு இளக்கி, சட்டத்தில் அழகாகப் பூட்டி, துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ராணி மாதிரி ஏறினேன்.

ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. சில இடங்களில் மழை ரோட்டின் ஓரத்தைக் கடித்துத் தின்றிருந்தது. என் பெட்டியின் சக்கரம் அந்த ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போயிற்று. கீழே பார்த்தால் மேகம் கிடந்தது. நான் புதுக் கண்ணாடியைத் தட்டினேன்.

அவர் நிறுத்தினார். "பிள்ளைக்கு என்ன?" என்று குனிந்தார்.

"அன்னைக்கும் இந்த வழியாத்தான் வந்தோமா?"

"வேற வழி ஏது. அன்னைக்கு மஞ்சும் இருந்துது."

வண்டி மறுபடி கிளம்பியது. மிக மோசமான ஒவ்வொரு வளைவிலும் அது ஊர்ந்தது. அன்று நான் பலகையைத் தட்டிச் சத்தம் போட்டதெல்லாம் இந்த இடங்களில்தான்.