யானை தேயாத காசு

கல்யாணமாகி அகரத்துக்கு வந்த அன்று மாமியார் என் கையில் ஒரு வெள்ளி ரூபாய் கொடுத்தார். பழைய ராஜா தலை போட்ட காசு. ராஜாவின் மார்புச் சங்கிலியில் அரிசி அளவுக்கு ஒரு யானை இருக்கும். எனக்கு முன்னால் வந்த மூத்த ஓரகத்திக்கும் அதே மாதிரி ஒன்று கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தால் விளக்கு, செம்பு, தட்டு எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது எங்கள் வீட்டு வழக்கம். பூஜைத் தட்டில் இருக்கிற காசுக்கும் அதே துலக்குதான். மாமியாரின் சொந்தக் காசை முதல் வாரமே பார்த்தேன். கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. ஆனால் யானை இருந்த இடத்தில் மொழுக்கென்று ஒரு மேடுதான் இருந்தது. தும்பிக்கை, கால் எல்லாம் துலக்கின தண்ணீரோடு போயிருக்கிறது. என் யானையை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பூஜைக்கு எடுப்பேன், கும்பிடுவேன், துணியில் சுற்றி அப்படியே பெட்டியில் வைப்பேன்.

வருஷம் போகப் போகக் காசு கருத்தது. என்னைக் கேலி செய்ய ஓரகத்திக்கு அது போதும்.

"ஏண்டி, இம்புட்டுக் கருப்பா வச்சிருக்க? ரெண்டு தேய் தேய்க்கக் கை வலிக்குதாக்கும்?"

"எனக்கு வலிக்காதுக்கா. யானைக்கு வலிக்கும்."

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தாள். விடியுமுன் எழுந்து மல்லிகை பறிக்கிற எனக்குச் சோம்பேறி என்று பேர். அந்தப் பேர் எனக்குத் தலை நரைத்த பிறகும் போகவில்லை.

போன வருஷம் நாகல் நகரில் ஒரு மண்டபத்தில் பழைய காசுக் கண்காட்சி வைத்தார்கள். காசைக் கொண்டுபோனால் தரம் பார்த்துச் சொல்வார்களாம். "நீயும் வா. எது நல்ல காசுன்னு நாலு பேருக்கு முன்னால தெரியட்டும்" என்றாள் ஓரகத்தி. கிளம்புகிற காலையிலும் தன் காசைப் புளி போட்டுத் தேய்த்தாள். "கொண்டா, உன்னதையும் தேய்ச்சுத் தாரேன். அங்க வந்து என் மானத்தை வாங்காத." நான் கொடுக்கவில்லை. ஆனாலும் ஆட்டோவில் போகும்போது துணியைப் பிரித்துப் பிரித்துக் காசைப் பார்த்தேன். அத்தனை வருஷப் பிடிவாதமும் தப்பு என்று தரம் பார்க்கிற ஆளும் சொல்லிவிட்டால்?

தரம் பார்த்தவர் நெய்க்காரப்பட்டிக்காரர். ஓரகத்தியின் காசைப் பூதக்கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இதைத் தேய்ச்சீங்களா?"

"வாரம் தவறாம!" என்று நிமிர்ந்து சொன்னாள்.

"அதுதானுங்க. முதல்ல மேடான இடம்தான் தேயும். கிரீடம், காது, யானை மூணும் போயிருச்சு பாருங்க. மேலெல்லாம் பொடிப் பொடியாக் கீறல். இது கீழ்த் தரத்துலதாங்க வரும்."

என் முறை வந்தது. கருப்பைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து விளக்குக்கு நேரே சாய்த்தார். கருப்புக்கு அடியிலிருந்து ஒரு மினுக்கம் காசைச் சுற்றி ஓடியது. அப்படி ஒரு ஒளி அதற்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"அம்மா, இது தேஞ்சதில்லீங்க. கருப்பு காத்துல படிஞ்சது. யானைக்குத் தும்பிக்கை, வால் எல்லாம் அப்படியே இருக்குதுங்க. மேல் தரமுங்க. எதைப் போட்டு இப்படிப் பாதுகாத்தீங்க?"

"ஒண்ணும் போடலய்யா. சும்மா இருந்தேன்."

பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கொடுக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். மாட்டேன் என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் ஓரகத்தி என் பக்கம் கையை நீட்டினாள். 

"செத்த நேரம் அந்த யானையைக் காட்டு."

காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "தும்பிக்கை இருக்குடி" என்றாள்.

"விளிம்பைப் புடிச்சுப் பாருக்கா. கை படக் கூடாது" என்றேன்.

வெள்ளிக்கிழமை என் கருத்த காசைப் பூஜைத் தட்டின் நடுவில் வைத்தேன். ஓரகத்தி புளியும் சாம்பலுமாக வந்தாள். தட்டைப் பார்த்தாள். காசுகளைத் தொடாமல் விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு துலக்கப் போனாள்.