தருமனுக்குத் தண்ணீர் ஊற்றிய நாள்

அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் சந்திரம்மாளைப் போல வாய் கம்மியான பெண் கிடையாது. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறை பெருக்கி, படுக்கை விரிப்பு மாற்றிப் பிழைத்தவள். இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரியும். அதைக்கூட எங்களிடம் பேசிக் காட்ட மாட்டாள். வீட்டில் பேச்செல்லாம் புருஷன் தருமனுடையதுதான். கொத்தனார், சாரத்தின் மேல் நின்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை. எதிர்வீட்டுக்கு நான் கல்யாணமாகி வந்த புதிதில், அவர் பேசுகிறாரா சண்டை போடுகிறாரா என்றே எனக்குப் புரியாது.

இரண்டாவது அலையில் அவருக்குக் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்து உயிரோடு திரும்பினார். டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும். சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். விடுதிக்காரர் கொடுத்த ஆக்சிஜன் மிஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அந்த மனுஷனின் குரல் போன இடம் தெரியவில்லை.

எங்கள் தெரு இதை வெறும் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மை போட்ட வீட்டுக்குச் செய்வது போலவே, நோய் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினோம். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, குணமானவர் தலையில் மூன்று தடவை ஊற்ற வேண்டும். ஊற்றினால்தான் அம்மன் அந்த வீட்டை விட்டுப் போனதாகக் கணக்கு. ஒவ்வொரு வீட்டிலும் ஊற்றி முடித்தார்கள். சந்திரம்மாள் வீட்டு வாசலில் மட்டும் வேப்பிலை காய்வதும் அவள் புதிதாகச் செருகுவதுமாக இருந்தது.

வேப்பிலை இருந்தவரைக்கும் ஒரு நன்மையும் இருந்தது. இது நோயாளி இருக்கிற வீடு என்று தெருவுக்கு ஞாபகம் இருந்தது. யாராவது கஞ்சி கொண்டுவந்து வைப்பார்கள். ஆட்டோ ஓட்டும் சுரேஷ்குமார், கூப்பிட்ட குரலுக்கு வந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவான்.

அடுத்த வருஷம் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். மாஸ்க் போடாதவனைப் பிடித்த போலீஸ்காரரே மாஸ்க் இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் மறுபடி எங்கள் ஊரைத் தாண்டிப் போயிற்று. ஆடி பிறந்ததும், விட்டுப்போன கூழை இந்த வருஷமாவது தெரு அம்மன் கோயிலில் ஊற்ற வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பூசாரி ஒன்றே ஒன்று சொன்னார்: ஒரு வீட்டில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது கோயிலில் காப்புக் கட்ட முடியாது.

ஆகக்கூடி, சர்க்காரும் முடித்துக்கொண்டது, ஆஸ்பத்திரியும் முடித்துக்கொண்டது, குறுக்கே நின்றது தருமனின் மூச்சு மட்டும்தான்.

கோயில் காரியம் பார்க்கும் சக்கரவர்த்தி நாலு பேரோடு வந்தார். தருமனுக்குப் பங்காளி வகையில் தம்பி.

“அண்ணி, அண்ணனுக்குத் தண்ணி ஊத்திடுங்க. ஊரே காத்துக்கினு இருக்குது.”

“அவருக்கு இன்னும் இறங்கலையே தம்பி,” என்றாள் சந்திரம்மாள். “குளிப்பாட்டினாலே மூச்சு ஜாஸ்தியா வாங்குது. துணியிலதான் தொடைக்கிறேன்.”

“மூணு தண்ணி வேணாம். ஒரே ஒரு சொம்பு. பூசாரிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

அம்மனிடமே தள்ளுபடி கேட்கிற ஆளைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நல்லாகாதவருக்கு ஊத்துனா அது இன்னா தண்ணி?” என்று என் வாசலிலிருந்தே கேட்டேன். “பொம்பளைங்க இதுல தலையிடாதீங்க,” என்றார் கூட வந்த ஒருவர். ஊற்றப்போவதே ஒரு பொம்பளைதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சந்திரம்மாள் அன்றைக்குப் பேசிய அளவு நான் அவள் பேசிக் கேட்டதில்லை. “ஊத்திட்டா இவரு நல்லாயிட்டாருன்னு ஆயிடும் தம்பி. அப்புறம் இவருக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?”

“நாங்கல்லாம் இல்லையா அண்ணி,” என்றார் சக்கரவர்த்தி. அந்த நேரத்துக்கு அதை மனசாரத்தான் சொன்னார். பொய்யாகச் சொல்லக் கூடாது.

உள்ளேயிருந்து தருமன் கையை அசைத்தார். “ஊத்து,” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “என்னால கோயிலு நிக்க வேணாம்,” என்றார். அதற்குமேல் அவள் என்ன செய்வாள்.

வெள்ளிக்கிழமை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மூக்கிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, சந்திரம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். முழுசாகக்கூட ஊற்றவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். ஒருவர் வாசல் வேப்பிலையை உருவி எடுத்தார். தருமனின் உதடு நீலம் பாரித்துவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயை மாட்டி, மூச்சு ஒரு நிலைக்கு வருவதற்குள், பம்பைச் சத்தத்தோடு கூட்டம் கோயிலுக்குப் போய்விட்டது. தலை துவட்ட நானும் அவளும்தான் இருந்தோம்.

கூழ் நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு கஞ்சி வருவது நின்றது. சுரேஷ்குமாரைக் கூப்பிட்டால், “அதான் தண்ணி ஊத்தியாச்சேக்கா, பஸ்லயே போயிட்டு வரலாமே,” என்றான். ஆஸ்பத்திரியிலும் கொரோனா வார்டை எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாரோடும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நிற்கிற ஆளா அவர். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தால் நான் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, டீ டம்ளர் கையில் இருக்கும்போதே தருமன் போய்விட்டார். தெரு மொத்தமும் வந்தது. சக்கரவர்த்தி மாலை போட்டுவிட்டு, நிஜமாகவே கண் கலங்கி, சந்திரம்மாள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“நல்லாயிட்டாரேண்ணி. எல்லார் கண்ணு முன்னாடிதான ஊத்துனீங்க. திடீர்னு இன்னா ஆச்சு?”

அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நடந்ததைச் சொல்லிவிட நான் வாயெடுத்தேன். ஆனால் கேட்டது அவளை. ஒன்றரை வருஷம் அவருடைய ஒவ்வொரு மூச்சுக்கும் காது கொடுத்துக் கிடந்தவள், “தெரியல தம்பி,” என்றாள்.