தெரியேல்லை

ஸ்கான் பார்ப்பது, இருட்டறையில் இருந்துகொண்டு அடுத்தவர் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கும் தொழில். அந்தக் கதிரையில் இருந்து கழுத்து நொந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சண்டைக் காலம். திருகோணமலையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மெஷின் வந்துவிட்டது, பார்க்கத் தெரிந்த ஆள் வரவில்லை. கர்ப்பிணிகளைக் கண்டிக்கு அனுப்பினோம், வழியெல்லாம் சென்றி, ஆமிச் சோதனை. என்னைப் பழக்கிவிட்டுப் போகக் கொழும்பிலிருந்து ஒரு பெண் நிபுணர் ஒரு கிழமைக்கு வந்தார். அவர் வைக்கும் பரீட்சையில் நான் தேறினால் ஸ்கான் இங்கேயே. தேறாவிட்டால் அந்தப் பெண்களுக்குப் பழையபடி கண்டி பஸ்தான்.

கடற்பாசி வயிறு

முதலில் நோயாளியைத் தொட அவர் விடவில்லை. கடற்பாசி காய்ச்சி, அரிசி மா கலந்து, தண்ணீர் நிரப்பிக் கட்டிய கையுறை விரல்களை உள்ளே ஒளித்து, சாப்பாட்டுப் பெட்டியில் ஜெலியாக உறைய வைக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. மெஷினை வைத்துப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு குளம், அசல் வயிற்றில் இருப்பதுபோலவே! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

காய்ச்சியவர் எங்கள் வார்ட்டு உதவியாளர், அன்புவழிபுரத்து ராணி அக்கா. வீட்டிலிருந்து கொண்டுவரும் வழியில், பெட்டிக்குள் கட்டுக்கட்டாக ஏதோ இருப்பதைக் கண்ட சென்றி ஆமிக்காரன், ஒரு துண்டைத் தின்று காட்டச் சொல்லிவிட்டானாம். ஒரு மூலையில் கடற்பாசி குறைந்த பெட்டியை மேசையில் வைத்தார்.

“டொக்டர், உங்கட சோதினையில கொஞ்சத்தை நான் திண்டிட்டன். அடுத்த முறை சீனி போடுவம்.”

மூன்றாம் பெட்டி

பரீட்சைப் பெட்டிகளை நிபுணரே தயாரித்தார். இரண்டைச் சரியாகச் சொன்னேன். மூன்றாவதை எப்படித் திருப்பியும் ஒன்றும் காணவில்லை.

“தெரியேல்லை, மேடம்.”

“படத்தில தெரியேல்லையா, உங்களுக்குத் தெரியேல்லையா?”

இரண்டுக்கும் எங்களிடம் ஒரே சொல்தான் என்பது அன்றுதான் உறைத்தது. வெட்கத்தில் ஒரு நிழலைக் காட்டி, “கட்டி” என்றேன். அவர் பெட்டியை வெட்டினார். உள்ளே வெறும் கடற்பாசி.

“நாளைக்கு அசல் ஆளை வைச்சுப் பாப்பம். தெரியாட்டித் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ, கட்டி வளர்க்காதேங்கோ.”

சல்லியிலிருந்து வந்தவர்

மறுநாள் வந்தவர் சல்லிக் கிராமத்தில் கருவாடு போடும் யோகம் என்ற பெண். இரண்டு மாதக் கர்ப்பம், முந்தினநாள் இரத்தம் பட்டிருக்கிறது. முன்பு இரண்டு கரு கலைந்துவிட்டன. நிபுணர் எனக்குப் பின்னால் நின்றார். திரையில் சாம்பல் மட்டுந்தான். யோகம் என் முகத்தையே பார்த்தார். ‘இல்லை’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எனக்கு இன்னும் தெரியேல்லை, தங்கச்சி. இல்லை எண்டு நான் சொல்லேல்லை. தண்ணி குடிச்சிட்டோ வந்தனீங்கள்?”

“குடிச்சனான் டொக்டர். சென்றியில மறிச்சு வைச்சிருந்தாங்கள். அடக்க ஏலாமல் இஞ்ச வந்த உடனே ஒண்டுக்குப் போட்டன்.”

சலப்பை, அதாவது மூத்திரப்பை, நிரம்பாமல் இந்தப் பருவத்துக் கரு அந்த மெஷினில் சரியாகத் தெரியாது. பயத்தில் அதைக் கேட்க மறந்திருந்தேன். ராணி அக்கா பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்க வைத்தார். ஒரு மணித்தியாலம் காத்திருந்து மறுபடி வைத்தேன். கடற்பாசிப் பெட்டியில் கண்ட அதே கறுப்புக் குளம், இப்போது நிரம்பிய சலப்பை. அதற்குப் பின்னால் அரிசியளவில் ஒன்று மினுக்மினுக்கென்று துடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தேறியதாக நிபுணர் கையெழுத்துப் போட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. திரையை யோகத்தின் பக்கம் திருப்பினேன்.

“உள்ளுக்கு லைட்டுப் போட்டு விட்டனீங்களோ, டொக்டர்?”

எனக்கு ஸ்கான் பார்க்கத் தெரியும் என்று நிபுணர் எழுதித் தந்த கடிதம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. தெரியேல்லை என்று சொல்லி வாங்கிய கடிதம் அது.