ஷிக்-ஷொக் சரிவில் நிஷானைத் தேடியவள்

மொன்றியல் துறைமுகத்துக்கு வரும் லொறிகளை வரிசைப்படுத்தி உள்ளே விடுவது றொஷினியின் வேலை. வாரம் முழுக்கச் சாரதிகளோடு வாய்ச்சண்டை. பனிக்காலத்தில் வெள்ளிக்கிழமை வந்தால், தம்பி நிஷானையும் சறுக்குப் பலகைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கியூபெக்கின் கிழக்கே காஸ்பேசியில் இருக்கும் ஷிக்-ஷொக் மலைகளுக்குக் கிளம்பிவிடுவாள். அவர்கள் வசிக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் தேவாலயப் பூசை முடிந்து நிற்கும் சனம் "பெட்டைக்கு விசர்" என்று சொல்வதை அவள் பொருட்படுத்தியதில்லை.

அந்த மலைகளில் ஏற்றிவிட இயந்திரமும் இல்லை, காக்க ஆளும் இல்லை. பனி சரிந்து ஒருவர் புதைந்தால் மற்றவர்தான் தேட வேண்டும். அதற்காக இருவரும் நெஞ்சில் பீக்கன் என்ற சிறு கருவியைக் கட்டியிருப்பார்கள். புதைந்தவரின் பீக்கன் சமிக்ஞை அனுப்பும். மற்றது அதைப் பின்தொடரும். பக்கத்தில் கைபேசி இருந்தால் பீக்கன் குழம்பும், அணைத்துவிட வேண்டும் என்பது பயிற்சியில் சொன்ன முதல் விதி.

அவர்களின் அம்மா அக்னெஸின் விதி வேறு. "போனை நிப்பாட்டினியெண்டா பொலிசுக்கு அடிப்பன்." லொறிக்காரர்களை அதட்டும் றொஷினிக்கு அம்மாவிடம் மட்டும் வாய் எழாது. அந்தச் சனிக்கிழமையும் அவள் கைபேசி ஜாக்கெட்டுப் பையில் உயிரோடு இருந்தது.

அன்றைய பனிச்சரிவு அறிவிப்பு தெளிவாகவே எச்சரித்திருந்தது: காற்று புதுப்பனியைச் சரிவுகளில் குவித்துத் தகடாக இறுக்கியிருக்கிறது, அடியில் பழைய பனி சீனி போல உதிரியாகக் கிடக்கிறது. ஆகவே மரங்களையொட்டிய, சாய்வு குறைந்த பாதையைத் தேர்ந்தார்கள். றொஷினி முதலில் இறங்கி ஒதுங்கி நின்றாள். பின்னால் வந்த நிஷான் உற்சாகத்தில் இடப்பக்கம் அகன்றான்.

"டேய், இஞ்சால வாடா!"

தொம் என்று ஒரு சத்தம். சரிவு முழுவதும் கண்ணாடி போல விரிசல் ஓடியது. மறுகணம் நிஷான் நின்ற இடத்தில் வெண்புழுதிதான்.

பனி அடங்கியதும் றொஷினி பீக்கனைத் தேடலுக்கு மாற்றி ஓடினாள். எண்கள் தாறுமாறாகக் குதித்தன. அம்பு மேலே காட்டியது, உடனே பக்கவாட்டில் திரும்பியது. பனிக்குள் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்போது நெஞ்சருகே கைபேசி அலறியது. எடுத்தால், வீடியோவில் அம்மா.

"பிள்ளை, நிஷான் எங்க? முகத்தைக் காட்டச் சொல்லு."

"அம்மா, பேந்து கதைக்கிறன்."

வாழ்க்கையில் முதன்முறையாக அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே கைபேசியை வீசி எறிந்தாள். அது பள்ளத்தில் எங்கோ விழுந்தது.

அம்பு ஒரே திசையில் நின்றது. எண்கள் இறங்கத் தொடங்கின. பனியோடு ஒட்டிக் குனிந்து, குறைந்த எண் வந்த இடத்தில், முதுகுப்பையிலிருந்த நீளக் கம்பியை எடுத்துக் குத்தினாள். இரண்டாம் குத்தில் ஏதோ மெத்தென்று தடுத்தது. கீழ்ப்பக்கமாக நின்று பனி அள்ளும் சவலால் வெட்டி வெட்டித் தள்ளினாள். ஒரு கையுறை தெரிந்தது, பிறகு தலைக்கவசம். வாயில் அடைத்திருந்த பனியை விரலால் தோண்டி எடுத்தாள்.

நிஷான் இருமினான். நீலம் பாரித்த உதடுகள் அசைந்தன.

"அக்கா... என்ர கையில நிக்கிறாய்."

றொஷினி பனியில் குந்தி, அழுகையும் சிரிப்புமாக அவன் தலையைக் கட்டிக்கொண்டாள்.

"மூடிக்கொண்டு மூச்சை விடடா, மூதேசி!"

இருவரும் தங்கள் கால்களிலேயே மலையிறங்கினார்கள். வாகனத் தரிப்பிடத்தில் நின்ற எல்லாருக்கும் நிஷான், பல் கிடுகிடுக்கப் பிரெஞ்சில் கதை சொன்னான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அக்கா தோண்டிய குழி ஆழமாகிக்கொண்டே போனது. றொஷினி திருத்தவேயில்லை.