தங்கச்சி கொண்டுபோன முழங்கால்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். பாதியில் மறந்தும் போவேன். அப்படியும் வாராவாரம் வாசிக்கிறீர்கள்... உங்களுக்கும் வேறு வேலை இல்லைபோல.

இந்த வாரம் முழங்கால் சங்கதி. என்னுடையதல்ல — இந்த வயதில் என் முழங்கால் வலித்தால் அதில் என்ன புதினம்? வலி என் தங்கச்சி மகள் பிரியாவுக்கு. இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. நாலந்தா போகிற ரோட்டில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வேலை. வெள்ளைக்காரர்களுக்கு மிளகுக்கொடியைக் காட்டி, படியேற்றி, படியிறக்கி, கடைசியில் மூட்டுவலித் தைலம் விற்க வேண்டும்.

விற்கிறவளே நொண்டினால்?

மெனேஜர் பிரியாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "பிரியா, நீங்க நொண்டிக்கிட்டு வித்தா யாரு தைலம் வாங்குவாங்க? சீக்கிரம் காலைப் பாருங்க. இல்லாட்டி நான் வேற ஆள் பார்க்கணும்."

தைலம்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்கிறீர்களா? பூசினாள். வாசம் பிரமாதம். வலி அப்படியே இருந்தது.

லீவு கேட்கப் பயம். நம் வீடுகளில் காய்ச்சல் ஒருத்தருக்கு, மருந்தெடுக்கப் போவது இன்னொருத்தர் அல்லவா? அந்த வழக்கப்படி தங்கச்சியே டொக்டரிடம் போய், "எனக்குத்தான் வலி" என்று உட்கார்ந்துவிட்டாள். பாவம் டொக்டர்! கண்ணெதிரே இருந்த முழங்காலைப் படம் பிடித்தார். தேய்மானம் என்றார்.

வீடு இழவு வீடானது. பிரியா எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "எனக்கு இப்பவே எலும்பு தேஞ்சிருச்சே பெரியம்மா! இனி வேலையும் போச்சு!"

"அடியே, அது உங்கம்மா காலுடி!"

தங்கச்சி விடுவாளா? "தாய்க்கும் மகளுக்கும் ஒரே எலும்புதானேக்கா?"



மறுநாள் பிரியாவை லீவு போட வைத்து நானே இழுத்துப் போனேன். டொக்டர் முன்னால் எனக்கு வாய் வராது, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் நல்லதுக்குத்தான் — பிரியாவே பேசினாள்.

டொக்டரம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார். "விழுந்தீங்களா? வீங்குதா? மடிச்சா பூட்டிக்கிடுதா? காலையில விறைப்பா? காய்ச்சல் இருக்கா? வலி தூக்கத்தக் கெடுக்குதா?"

"இல்ல டொக்டர். படி இறங்கையிலதான் உயிர் போகுது. கால மடக்கி ரொம்ப நேரம் இருந்தாலும் வலிக்கும்."

குந்தி எழும்பச் சொன்னார். இடுப்பையும் ஆட்டிப் பார்த்தார். முழங்கால் வலிக்கு இடுப்பெதற்கு? இடுப்புக் கோளாறு சிலநேரம் முழங்காலில் வந்து வலிக்குமாம்! எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை — இரண்டிலும் குற்றமில்லை.

"எலும்பு நல்லா இருக்கு. தொடைத் தசைக்குத்தான் பலம் காணாது. அதான் முழங்கால் சில்லுக்குப் பின்னால அழுத்துது. பெரிய ஸ்கேன் இப்ப தேவையில்ல. பயிற்சி செய்ங்க. வீங்கினா, பூட்டிக்கிட்டா, உடனே வாங்க."

"வேலை போயிருமா டொக்டர்?"

"கொஞ்ச நாளைக்குப் படி இல்லாத வேலையாக் கேளுங்க."

கேட்டாள். மெனேஜர் முனகிக்கொண்டே தைலக் கவுண்டரில் நிறுத்தினார். மேசைக்குப் பின்னால் நொண்டல் யாருக்குத் தெரியும்? வியாபாரம் ஓடுகிறது, வேலை தப்பியது. பயிற்சியில் வலியும் குறைகிறது. தைலம் வாங்கியவர்கள் கதிதான் தெரியவில்லை.

தசை, சில்லு என்று நான் எழுதியதை விஷயம் தெரிந்த யாராவது ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பிழையிருந்தால் வெட்டுங்கள் — வலிக்கிற காலைத்தான் டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதை மட்டும் விட்டுவையுங்கள்.