பங்களா வாசலில் ஒரு சைக்கிள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது தெரிந்தும் எண்பதைத் தாண்டிய அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். வெள்ளைக்காரர் காலத்து ரப்பர் தோட்டத்தை ஈப்போவில் குட்டிக் குட்டிப் பொம்மைகளாகச் செய்து வைத்திருக்கிறார்களாம். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவள்தான் சொன்னாள்.

இடுப்பளவு மேடையில் தோட்டம். தகரக் கூரை லயங்கள், ரப்பர் பால் வாளி தூக்கிய பெண்கள், மேட்டில் துரையின் பங்களா. எல்லாப் பொம்மைக்கும் சிரித்த முகம். மரம் சீவுகிறவன்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். யாரைப் பார்த்து இளித்தானோ!

பங்களா வாசலில் அம்மா நின்றுவிட்டார். அங்கே கையில் பிரம்போடு துரை. அவனை நோக்கிச் சைக்கிளில் வரும் ஓர் ஆள், பின் கேரியரில் ஒரு சின்னப் பெண்.

"அந்தாள இறங்கச் சொல்லுடி," என்றார் அம்மா.

துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தோட்டத்தில் அதுதான் சட்டம். அம்மா சிறுமியாக இருந்தபோது, காய்ச்சலில் துவண்டவரைக் கேரியரில் வைத்துத் தாத்தா ஆஸ்பத்திரிக்கு மிதித்திருக்கிறார். இறங்கினால் பிள்ளை சரிந்து விழுந்துவிடும் என்று இறங்கவில்லை. துரை அவரைப் பிரம்பால் அடித்துத் தள்ளி, விழுந்தவரின் வாயிலேயே பூட்ஸ் காலால் உதைத்தான். பல் ரத்தத்தோடு மண்ணில் கிடந்தது. இது நாங்கள் கேட்டு வளர்ந்த கதை.

அம்மா கயிற்று வேலிக்கு மேல் குனிந்து சைக்கிள்காரனைப் பிடுங்கப் பார்த்தார். பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"வரமாட்டேங்குதே. துரை பாக்கறான்டி!"

எனக்கு ரத்தம் கொதித்தது. எட்டித் துரையைப் பிடித்து ஒடித்தேன். கால்கள் மட்டும் மேடையில் நின்றன. மிச்சத்தைத் தரையில் போட்டு, தலை நொறுங்கும்வரை செருப்புக் காலால் மிதித்தேன். சுகமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

காவலுக்கு நின்ற ஆள் ஓடி வந்தார். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? பாஸ் என்னைத்தான் ஏசுவாரு லா!"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். ஐம்பது வயதில், நாலு பேர் பார்க்க, வாங்கிக்கொண்டேன்.

"இப்படித்தான் உன் மாமனும் அன்னிக்குச் சாயங்காலம் துரை மண்டையில கல்ல எறிஞ்சான். அவன் காட்டுக்குள்ள ஓடிட்டான். மறுநாள் காலையில வேலைக்குப் பேரு கூப்பிடறப்போ, எல்லாரையும் நிக்க வச்சு, எங்கப்பாவ அடிச்சாங்க. அதுலதான்டி அவருக்கு ஒரு கண்ணு போச்சு."

அந்தப் பாதியை அம்மா எங்களுக்குச் சொன்னதே இல்லை. தாத்தா கண்ணில் மரக்கிளை குத்திவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

நான் அவர் தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டு, காவலுக்கு நின்றவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எங்கப்பா ஒண்ணும் பண்ணலங்கய்யா. நான்தான் இறங்காதீங்கப்பான்னு அழுதேன்."