பதினெட்டு நிமிடப் பள்ளிச் சின்னம்

டெலானிபூர் மேட்டில் யாரைக் கேட்டாலும் உமா மகேஸ்வரியைத் தெரியும். "ஃபுட்பால் லைவ் மிஸ்தானே?" என்பார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் நடத்துவது கம்ப்யூட்டர் பாடம். அதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஒன்பது வருடமாக ஒப்பந்த ஆசிரியையாகவே இருக்கிறாள் என்பதையும் சொல்ல மாட்டார்கள். பதினோரு மாதம் வேலை, பிறகு நாலு நாள் வீட்டில் உட்காரல், பிரின்சிபால் கையெழுத்துப் போட்டு ஃபைலை மேலே அனுப்பினால் மறுபடி பதினோரு மாதம். இதுவும் ஒரு பிழைப்பு! வயது நாற்பத்து நான்கு. வேறு எந்த அரசாங்க வேலைக்கும் இனி மனுப் போட முடியாது. அந்த ஃபைல் ஒரு வருடம் நகராமல் நின்றுவிட்டால் போதும், அவள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவள் அப்பா ரோடு வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். உமா பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் ஷாதிபூரில். படித்து முடித்ததும் லோக்கல் கேபிள் சேனல் ஒன்றில் எடிட்டிங் வேலை பார்த்தாள். துர்கா பூஜை, கோயில் திருவிழா, கால்பந்து என்று எல்லாவற்றையும் நேரலையாகக் கொடுத்தவள். சேனலை மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கையில் கற்ற வித்தை சும்மா இருக்குமா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரைப் பிடித்து, நாலு போன், ஒரு பழைய லேப்டாப், மூங்கிலில் கட்டிய ஸ்டாண்டு என்று வைத்துக்கொண்டு பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியை யூடியூபில் லைவாக விட்டாள்.

அப்போது தீவில் நெட் என்று ஒன்று இருந்ததே, அதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கும். சாட்டிலைட்டை நம்பிய காலம். பந்தை உதைக்கக் காலைத் தூக்கிய பையன் அப்படியே ஐந்து நிமிடம் தூக்கியபடி நிற்பான். இதற்கு உமா ஒரு வழி கண்டுபிடித்தாள். பந்து ஓடாத நேரத்தில், அதாவது அடிபட்டு யாராவது விழுந்தால், இடைவேளை வந்தால், மேடையில் யாராவது பேசினால், கேமராவை நிறுத்திவிட்டு ஒரே ஒரு அசையாத படத்தைப் போட்டுவிடுவது. தென்னை மரமும் இரண்டு டால்ஃபினும் போட்ட பள்ளிச் சின்னம், கீழே கோல் கணக்கு, பின்னால் ஒரு கீபோர்டு ட்யூன். பிள்ளைகள் அதற்கு 'போர்டு' என்று பேர் வைத்தார்கள். அப்படி மிச்சம் பிடித்த நெட் பந்து ஓடும்போது உதவும். தூரத்துத் தீவுகளில், கச்சாலிலும் கேம்பல் பேயிலும் இருக்கிற அப்பா அம்மாக்கள், பிள்ளையை இங்கே ஹாஸ்டலில் விட்டவர்கள், ஒரு மேட்ச் பார்க்கவென்று கப்பலேறி வர முடியுமா? அவர்கள் தங்கள் பிள்ளை அடித்த கோலை உடையாமல் பார்த்தது இந்த போர்டினால்தான்.

சொல்லிக் கொடுப்பதில் உமா பொல்லாதவள். "கோல் விழுந்தாலும் கேமராக்காரன் கத்தக் கூடாது. கத்துனா படம் குலுங்கும். உள்ளுக்குள்ளயே கத்திக்க" என்பாள். பெங்காலிப் பையன், தெலுங்குப் பெண், ராஞ்சிக்காரர் வீட்டுப் பையன் எல்லோருக்கும் பொதுவாக ஹெட்செட்டில் ஹிந்திதான் ஓடும். இடையில் தமிழ்ப் பிள்ளை யாராவது சொதப்பினால் மட்டும் "ஏய் எருமை!" என்று தமிழ் வரும். திட்டு வாங்கிய பிள்ளைக்கு அதில் ஒரு பெருமை.

ஜெயராணி அந்த எருமைப் பட்டம் வாங்காத ஒரே பிள்ளை. பிளஸ் டூ. சௌல்தாரியிலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வருகிறவள். அவள் அம்மா வழி ஆட்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, சுனாமிக்குப் பிறகு சௌல்தாரி சேர்ந்தவர்கள். மூன்று வருடமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எந்தக் கேமரா எப்போது போக வேண்டும் என்று மாற்றிவிடுகிறவள் அவள்தான். சென்னையில் ஒரு கல்லூரியில் இதையே படிக்க ஆசை. மூன்று வருடம் இந்த வேலை செய்தாள் என்று பள்ளிக்கூடம் ஒரு சான்றிதழ் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கல்லூரி கேட்டது.

கடலுக்கடியில் கேபிள் வந்து சில வருடமாகிறது. நெட் இப்போது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பள்ளிக்கூடம் அதற்காக ஒரு பைசா அவிழ்த்ததில்லை. பிள்ளைகள் போனில் போடும் ரீசார்ஜில்தான் லைவ் போகிறது. அதனால் போர்டு போடும் பழக்கத்தை உமா விடவில்லை. விட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. யாரும் இதுவரை குறை சொன்னதும் இல்லை.

போன ஜனவரியில் இறுதிப் போட்டி. மெயின்லேண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினர். இடைவேளையில் அவர் பேச வேண்டும். முதல் பாதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரின்சிபால் சிவஞானம் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"உமா மேடம், ஷால் வச்ச தட்ட நீங்க புடிங்க. லேடி ஸ்டாஃப் ஒருத்தர் மேடையில நின்னாத்தான் நல்லாருக்கும்."

"சார், இங்க லைவ் போயிட்டிருக்கு..."

"அதான் புள்ளைங்க இருக்குதுங்கள்ல? நீங்கதானே ட்ரெய்னிங் குடுத்தீங்க? வாங்கம்மா!"

பிரின்சிபால் கூப்பிட்டால் ஒப்பந்த ஆசிரியை போகாமல் இருப்பாளா? சேலைத் தலைப்பில் ஊக்கு மாட்டிக்கொண்டே எழுந்தாள். ஜெயராணி ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

"மிஸ், சீஃப் கெஸ்ட் பேசறப்ப போர்டா, கேமராவா?"

"எப்பவும் போலத்தான் பாப்பா. ஜல்தி, ஜல்தி, டைம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு உமா மேடைக்கு ஓடினாள்.

அதிகாரி பதினெட்டு நிமிடம் பேசினார். ஒழுக்கம் பற்றி, இளைஞர் சக்தி பற்றி, தான் கல்லூரியில் ஆடிய கால்பந்து பற்றி. உமா பின்னால் தட்டோடு நின்றாள். கை மரத்துப் போனது. அந்த மனிதர் தன் அம்மாவுக்கும் மாமனார் வீட்டுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் லிங்கை அனுப்பி, எல்லோரும் மெயின்லேண்டில் டிவியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? மொத்தக் குடும்பமும் பதினெட்டு நிமிடம் ஒரு தென்னை மரத்தையும் இரண்டு டால்ஃபினையும் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே 1–1. பின்னால் கீபோர்டு ட்யூன்.

அவர் அம்மா போன் செய்து சொன்னபோது அதிகாரி சிரித்தாராம். நல்ல மனுஷர்தான். ஆனால் மேலே இருப்பவர் சிரித்தால் கீழே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் காலையிலேயே அவருடைய பி.ஏ. பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கிவிட்டார். வேண்டுமென்றே செய்ததா, யார் சொல்லிச் செய்தது, எழுத்தில் வேண்டுமாம்.

அவரை டீ குடிக்க உட்கார வைத்துவிட்டு சிவஞானம் உமாவை வராந்தாவுக்கு அழைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பாருங்கம்மா, ஒங்க ஃபைலு என் டேபிள்லதான் இருக்கு. முப்பத்தொண்ணாம் தேதி முடியுது. நான் மேல அனுப்பணும். டீச்சர் தப்புன்னு எழுதிட்டு அதே டீச்சருக்கு எக்ஸ்டென்ஷன் குடுங்கன்னு எப்படி எழுதறது, சொல்லுங்க? ஸ்டூடண்ட்டு தப்புன்னா, சின்னப் புள்ள, தெரியாம பண்ணிருச்சுன்னு முடிஞ்சுரும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பொய் சொல்லு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகா கெட்டிக்காரர்!

ஜெயராணியைக் கூப்பிட்டார்கள். வந்து மேசை முன்னால் கை கட்டி நின்றாள். "கிஸ்னே போலா தா?" என்று பி.ஏ. கேட்டார். போர்டு போடச் சொன்னது யார் என்று. அவள் உமாவைத் திரும்பிப் பார்த்தாள். மேட்ச் நடக்கும்போது அடுத்த கேமரா எது என்று கேட்க எப்படிப் பார்ப்பாளோ, அப்படி.

நாற்பத்து நான்கு வயது, முப்பத்தொன்றாம் தேதி, மெயின்லேண்டில் படிக்கும் மகன், தோன்றினால் வேலைக்குப் போகும் புருஷன் கோவிந்தராஜ், எல்லாம் ஒரே நேரத்தில் உமாவின் கண்முன் வந்து நின்றன.

"சர், லட்கி சே கல்தி ஹோ கயி" என்றாள். பெண் தவறு செய்துவிட்டாள் என்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மைனே தோ கேமரா ஹி போலா தா" என்று சேர்த்துக்கொண்டாள். நான் கேமராவைத்தான் போடச் சொன்னேன் என்று. அடிப்பாவி! அதை யார் கேட்டார்கள் உன்னை? மூன்று வருடம் வாயைத் திறக்காமல் சொன்னதைச் செய்த பிள்ளையின் தலையில் இரண்டாவது கல்லையும் தூக்கிப் போட வேண்டுமா?

பி.ஏ. எழுதிக்கொண்டார். ஜெயராணி தலையைக் குனிந்து "ஸாரி சர்" என்றாள். உமாவைப் பிறகு அவள் பார்க்கவே இல்லை. லைவ் குழுவிலிருந்து அவளை நீக்கினார்கள். சான்றிதழ் கிடையாது என்று சிவஞானம் ஃபைலில் ஒரே வரியில் எழுதினார். அடுத்த வருடத்திலிருந்து இறுதிப் போட்டியை வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து எடுக்கும் என்றும் முடிவானது. அதற்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ பணம்.

இருபத்தொன்பதாம் தேதி உமாவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. இன்னும் பதினோரு மாதம். கோவிந்தராஜ் ஜிலேபி வாங்கி வந்தான். "என்னடி, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? வேல கெடச்சதுக்கு அழுவுறவள இப்பத்தான் பாக்குறேன்" என்று கேலி செய்தான். உமா இரண்டு ஜிலேபி தின்றாள்.

அடுத்த சனிக்கிழமை கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டிருந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், பையில் கிழங்கு.

"மிஸ்ஸுங்களா? நான் ஜெயராணி அம்மாங்க, அமிர்தவல்லி."

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள், ஊரைக் கூட்டப் போகிறாள் என்று உமா நினைத்தாள். மேலிடத்து முடிவு, நான் என்ன செய்ய முடியும் என்று சொல்ல வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தபோதே அந்த அம்மாள் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

"எம்புள்ள பண்ணுன தப்புக்கு ஒங்க வேல போகப் பாத்துச்சாமே மிஸ். ஊருல எல்லாம் சொல்றாக. இவளக் கேட்டா, ஆமாம்மா, மிஸ்ஸு சொன்னது ஒண்ணு, நாந்தான் மாத்திப் போட்டுட்டேன்னு அவ வாயாலயே சொன்னா. இத்தன வருசம் சொல்லிக் குடுத்தவுகளுக்கு இப்பிடிப் பண்ணலாமாடின்னு ரெண்டு அறை வச்சேங்க. மன்னிச்சுக்கங்க."

உமா மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும். இல்லை அக்கா, அவள் தப்பு இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. ஊர் முழுக்கப் போய், சிவஞானத்திடம் போய், பி.ஏ. எழுதிய தாளுக்குப் போய்ச் சேரும் வார்த்தை அது.

"பரவால்லக்கா. சின்னப் புள்ளதானே. நான் மனசுல வச்சுக்கல" என்றாள்.

"இந்த மனசு யாருக்குங்க வரும்!" அமிர்தவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவ சரியாச் சோறு திங்கல மிஸ். கேட்டுப் பக்கத்துல நிக்கிறா, உள்ள வரமாட்டேங்குறா. நீங்களே வந்து ஒரு வார்த்த, மன்னிச்சுட்டேன்னு சொல்லிருங்க. அப்பத்தான் திம்பா."

உமா போனாள். போகாமல் எப்படி இருப்பது? கேட்டுக்குப் பக்கத்தில் ஜெயராணி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன் பாப்பா. போய்ச் சாப்புடு" என்றாள் உமா.

"தேங்க்ஸ் மிஸ்" என்றாள் ஜெயராணி.